ஆற்றை விடாத மீன்: சான்டீ-கூப்பர் ஏரிகளில் வரிப்பாஸின் வரலாறு

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகம் தொடங்கி ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையிலும், மெக்சிகோ வளைகுடாவின் வடகரையிலுள்ள சில ஆறுகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் ஒரு பெருமீனுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ என்று பெயர். வெள்ளிநிற உடலின் இருபுறமும் செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடுவதால் வந்த பெயர் அது. இக்கட்டுரை அதனை வரிப்பாஸ் என்றே குறிக்கும். தூண்டில்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘ஸ்ட்ரைப்பர்’ என்பர். செசபீக் விரிகுடாவை அடுத்த ஊர்களிலும் இரு கரோலைனா மாநிலங்களிலும் ‘ராக்ஃபிஷ்’, அதாவது பாறைமீன், என்ற பழம்பெயர் வழங்கிவருகிறது. 1792-இல் ஜெர்மானிய அறிஞர் வால்பாம் இட்ட அறிவியல் பெயரில் வரும் ‘சாக்சாடிலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கும் பாறைகளிடையே வாழ்வது என்பதே பொருள். நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவா மீனை அறிந்தவர்களுக்கு வரிப்பாஸின் உடல்வாகு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் கொடுவா நன்னீரில் வளர்ந்து முட்டையிட உப்புநீருக்கு இறங்கும் மீன், வரிப்பாஸோ உப்புநீரில் வளர்ந்து முட்டையிட ஆறேறும் மீன். இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே இம்மீனின் வரலாறு முழுவதும் நடந்திருக்கிறது.

ஆங்கிலேயக் குடியேறிகளின் தொடக்ககால வாழ்வில் இம்மீனுக்குப் பெரிய இடம் உண்டு. வசந்தகாலத்தில் ஆற்றுமுகங்களில் திரளாக ஏறிய வரிப்பாஸை அவர்கள் உணவுக்கும் உப்புக்கண்டத்துக்கும் மட்டுமன்றிச் சோளவயலுக்கு உரமாகவும் அள்ளிப் போட்டதால், மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் ஆட்சிமன்றம் 1639-இலேயே காட் மீனையும் வரிப்பாஸையும் உரமாக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 1670-இல் பிளிமத் குடியேற்றம், கேப் காட் கரையில் நடந்த வரிப்பாஸ், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி மீன்பிடிப்பின் வருவாயிலிருந்து ஓர் இலவசப் பள்ளியை நடத்த முடிவுசெய்தது. ஒரு மீனைக் காக்கச் சட்டமும், அம்மீனின் பணத்தில் பள்ளியும் என்ற இவ்விரண்டும் அந்நாட்டின் பொதுவாழ்வு உருப்பெற்ற காலத்திலேயே நிகழ்ந்தவை என்பதை அமெரிக்க மீன்வள வரலாறுகள் பெருமையுடன் குறிப்பிடுகின்றன. 1891-இல் வட கரோலைனாவின் ஈடன்டன் அருகே 125 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 57 கிலோ எடையுள்ள வரிப்பாஸ் வலையில் அகப்பட்டதாகப் பதிவு உள்ளது.

வரிப்பாஸைப் பிறந்த நீரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் விடும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. 1879-இல் நியூ ஜெர்சியின் ஆறொன்றில் பிடித்த இளமீன்கள் ரயிலில் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு மேலே கார்க்கினெஸ் நீரிணையில் விடப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 130-ஐ ஒட்டியதே. 1882-இல் இன்னும் ஏறக்குறைய 300 மீன்கள் அனுப்பப்பட்டன. பத்தே ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ சந்தையில் வரிப்பாஸ் விற்பனைக்கு வந்ததும், நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுப் பிடிப்பு 10 லட்சம் பவுண்டைத் தாண்டியதும் மீன்வளத் துறையினரை வியப்பில் ஆழ்த்தின. எனினும் அங்கும் வரிப்பாஸுக்குக் கடலும் கழிமுகமும் ஆறும் சேர்ந்தே கிடைத்தன. சாக்ரமென்டோ, சான் வாகீன் ஆகிய ஆறுகள் முட்டையிடும் களமாயின. கிழக்குக் கரையில் இருந்த வாழ்க்கையையே அது மேற்குக் கரையில் நடத்தியது. கடலை அறவே காணாமல் ஏரியிலேயே தலைமுறை தலைமுறையாக இம்மீன் வாழ முடியும் என்று சொல்ல அப்போது சான்று ஏதும் இருக்கவில்லை. அந்தச் சான்று யாரும் தேடாமலே, மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட ஓர் அணையின் பின்னால் கிடைத்தது.

தென் கரோலைனாவின் நடுப்பகுதியில் காங்கரீ, வாட்டரீ என்னும் இரண்டு ஆறுகள் கூடிச் சான்டீ ஆறாகின்றன. சான்டீ தெற்கே சென்று கடலில் கலக்கிறது; அதற்கு அருகிலேயே ஓடும் கூப்பர் ஆறு, நீளத்தில் குறைந்ததாயினும், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் முடிகிறது. இவ்விரண்டையும் இணைத்தால் உள்நாட்டுப் பருத்தியும் அரிசியும் படகிலேயே துறைமுகம் சேரும் என்ற எண்ணத்தில், பொறியாளர் சென்ஃப் என்பவரின் திட்டப்படி 22 மைல் நீளமுள்ள சான்டீ கால்வாய் வெட்டப்பட்டு 1800-இல் திறக்கப்பட்டது. ரயில் வந்தபின் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது கைவிடப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதே எண்ணம் மின்சாரத்தின் பெயரால் மீண்டும் எழுந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலத்தில், 1934-இல், மாநில அரசு பொதுச்சேவை ஆணையம் ஒன்றை நிறுவியது. 1939-இல் வேலை தொடங்கியது. சான்டீயின் குறுக்கே 8 மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஓர் அணையும், கூப்பரின் தலைப்பில் பைனாப்பொலிஸ் என்னுமிடத்தில் மின்நிலையத்தோடு கூடிய மற்றோர் அணையும் எழுந்தன. 1941-இன் இறுதியில் நீர் தேங்கத் தொடங்கி, 1942 பிப்ரவரியில் முதல் மின்சாரம் உற்பத்தியாயிற்று. இவ்வாறு உருவான இரண்டு நீர்த்தேக்கங்களுள் மேலதற்கு மேரியன் என்றும் கீழதற்கு மோல்ட்ரி என்றும், அமெரிக்க விடுதலைப் போரில் அப்பகுதியில் போரிட்ட இரு தளபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. மேரியன் ஏரியின் பரப்பு சுமார் 1,10,000 ஏக்கர், மோல்ட்ரியின் பரப்பு சுமார் 60,000 ஏக்கர். இரண்டையும் ஆறரை மைல் நீளமுள்ள திசைதிருப்புக் கால்வாய் இணைக்கிறது.

இந்த ஏரிகளின் புகழைப் பேசும் தூண்டில் நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நீர் தேங்கிய நிலத்தில் 901 குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களில் மிகப் பலர் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுத கறுப்பின மக்கள். 6,000-க்கு மேற்பட்ட கல்லறைகள் தோண்டி இடம் மாற்றப்பட்டன. தளபதி மேரியன் வாழ்ந்த பாண்ட் பிளஃப் பண்ணையும், 1781-இல் போர் நடந்த யூட்டா ஊற்றுகளும், பழைய சான்டீ கால்வாயின் பெரும்பகுதியும் நீருக்குள் போயின. மலேரியாக் கொசு பெருகாமலிருக்கக் காட்டை முற்றாக வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்பது திட்டம். 12,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அவ்வேலைகளில் ஈடுபட்டிருந்தனர். ஆனால் உலகப் போர் நெருங்கியதால் மின்சாரம் அவசரத் தேவையாகி, மேரியன் ஏரியின் மேல்பகுதி வெட்டி முடிக்கப்படாமலே நீரால் நிரப்பப்பட்டது. சைப்ரஸ் மரங்களும் அடிமரக் கட்டைகளும் நின்றபடியே மூழ்கின. அவற்றுள் பல இன்றும் நீர்மட்டத்துக்கு மேலும், அதைவிட ஆபத்தாக ஓரடி கீழும் நிற்கின்றன.

ஆகவே 1942-இல் அங்கே இருந்தது எவருக்கும் பழக்கமில்லாத ஒரு பெருநீர். இயற்கை ஏரியாயின் அதன் ஆழமேடு தலைமுறைகளின் நினைவில் பதிந்திருக்கும். வலை வீசுவோரும் படகோட்டுவோரும் ஒவ்வொரு துறைக்கும் திட்டுக்கும் பெயர் வைத்திருப்பர். புதிதாய்த் தேங்கிய நீர்த்தேக்கத்தில் நீருக்கு மேலே தெரிவதெல்லாம் ஒரே பரப்பு. அந்தப் பரப்பின் கீழே என்ன இருக்கிறது என்பதை, முன்பு அந்நிலத்தில் நடந்தவர்களே அறிவர். அவர்களோ அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள்.

நீர் தேங்கியபோது வரிப்பாஸ் சிலவும் அதற்குள் அகப்பட்டன. அணை கட்டியவர்கள் அதை எண்ணிப்பார்க்கவில்லை. பைனாப்பொலிஸ் அணையில் படகுகளை ஏற்றியிறக்க ஒரு நீர்ப்பூட்டு அமைக்கப்பட்டிருந்தது; நீர்ப்பூட்டு என்பது இருபுறமும் கதவுகள் கொண்ட பெருந்தொட்டி, அதில் படகை விட்டு நீரை நிரப்பினால் படகு மேல்மட்டத்துக்கு உயரும். 75 அடி உயரத்துக்கு ஒரே வீச்சில் ஏற்றும் அந்தப் பூட்டு கட்டப்பட்ட காலத்தில் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. படகுகளோடு மீன்களும் அதன் வழியே ஏறின. இரைமீனான நீலமுதுகு ஹெர்ரிங்கும் அவ்வாறே ஏரிக்குள் வந்தது. முதலில் பெருவாய் பாஸும் கிராப்பி என்னும் சிறுமீனும் ஏரியில் பெருகி, தூண்டில்காரர்களை ஈர்த்தன. வரிப்பாஸ் அவ்வப்போது சிக்கினாலும், கடலை இழந்து சிறைப்பட்ட கடைசி மீன்கள் அவை, சில ஆண்டுகளில் முதுமையடைந்து மறையும் என்றே கருதப்பட்டது. மறைவதற்கு மாறாக 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. அகப்பட்டவற்றுள் அணை மூடிய பிறகே பிறந்திருக்கக் கூடிய சிறுமீன்களும் இருந்தன.

தென் கரோலைனா வனவிலங்குத் துறையின் உயிரியலாளர்களான ஸ்க்ரக்ஸ், ஃபுல்லர் ஆகிய இருவரும் 1950-களின் நடுவில் வெளியிட்ட ஆய்வில், சான்டீ-கூப்பர் நீர்த்தேக்கங்களில் நன்னீரிலேயே வாழ்ந்து பெருகும் வரிப்பாஸ் கூட்டம் ஒன்று இருப்பதற்கான அறிகுறிகளை முன்வைத்தனர். மீன்செதிலில், மரத்தின் வளையங்களைப் போல ஆண்டுக்கொரு வளையம் விழும். அதைக் கொண்டு வயதைக் கணித்தால், ஒரு மீன் அணை மூடியபின் பிறந்ததா என்பதை அறியலாம். அடுத்த சில ஆண்டுகளில் மேலேயுள்ள ஆறுகளில் நுண்வலைகள் கட்டி, நீரோட்டத்தில் மிதந்துவரும் முட்டைகள் சேகரித்து எண்ணப்பட்டன. முட்டைகள் காங்கரீயிலும் வாட்டரீயிலும் மிதந்துவந்தன. ஏரியை மீன் கடலாகக் கொண்டிருந்தது. ஆறு முன்புபோலவே ஆறாக இருந்தது. இந்தத் தென்பகுதி வரிப்பாஸ், வடக்கே வாழும் தம் இனத்தைப் போலக் கடலில் நெடுந்தொலைவு செல்லாமல், ஆற்றோடும் கழிமுகத்தோடும் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் இயல்புடையது என்பதும் அப்போது தெளிந்தது. கடலை இழந்தது அதற்குப் பேரிழப்பாக இல்லாமற்போனதன் காரணம் இதுவே.

முட்டையின் இயற்பியலை அறிந்தாலன்றி இவ்வரலாற்றின் எஞ்சிய பகுதி விளங்காது. வரிப்பாஸின் முட்டை நீரைவிட மிகச் சற்றே கனமானது, எதிலும் ஒட்டாதது, ஓட்டமில்லாத நீரில் அது மெல்ல அடியில் படிந்து, சேறு மூடி மூச்சின்றி அழியும். ஓட்டம் இருந்தால் தூக்கிச் செல்லப்பட்டு, 18 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பொரியும். ஆகவே முட்டையிடும் இடத்துக்கும் ஏரியின் தேங்கிய நீருக்கும் இடையே இரண்டு நாள் மிதந்துவரப் போதுமான நீளத்தில் ஓடும் ஆறு வேண்டும். காங்கரீக்கும் வாட்டரீக்கும் மேலேயும் அணைகள் உண்டு. வாட்டரீயில் 1920 வாக்கிலும், காங்கரீயின் கிளையாறான சலூடாவில் 1930-இலும் அவை கட்டப்பட்டன. ஆனால் அந்த அணைகளுக்கும் மேரியன் ஏரிக்கும் நடுவில் இரண்டு ஆறுகளும் பல பத்து மைல்கள் தடையின்றி வளைந்து வளைந்து ஓடுகின்றன. சான்டீ-கூப்பர் வரிப்பாஸின் வாழ்வு அந்த நீளத்தில் அடங்கியிருக்கிறது. ஏரியின் பரப்பையும் ஆழத்தையும் புகழ்வோர் அதன் தலைமாட்டில் ஓடும் இந்த ஆறுகளையே முதலில் புகழ வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதே காலத்தில் நம் காவிரியில் நிகழ்ந்ததை ஒப்பிட்டால் தடையின்றி ஓடும் இந்த ஆற்றுநீளத்தின் அருமை புலப்படும். கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் உல்லம், அதாவது வங்காளத்தார் இலிசு என்று போற்றும் மீன், ஒருகாலத்தில் காவிரியில் நெடுந்தொலைவு ஏறிவந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அம்மீனுக்கு மேற்காவிரி இல்லாமற்போயிற்று; அணைக்கு மேலே நிலைத்து வாழும் உல்லம் கூட்டம் உருவாகவும் இல்லை. அணை எல்லா மீனுக்கும் சான்டீ-கூப்பரில் செய்ததைச் செய்வதில்லை.

1950-களின் பிற்பகுதியில் சான்டீ-கூப்பரின் பெயர் பரவவே, அண்டை மாநிலங்களிலிருந்தும் வடக்கிலிருந்தும் தூண்டில்காரர்கள் படகுகளை இழுத்துக்கொண்டு வந்தனர். ஏரிக்கரையில் மீன்பிடி முகாம்களும், இரை விற்கும் கடைகளும், நாட்கூலிக்குப் படகில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளும் பெருகினர். அறியாத பெருநீரில் மீன் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதே வழிகாட்டியின் தொழில். அந்த அறிவு சில ஆண்டுகளிலேயே ஒரு மரபாக உருப்பெற்றது. வரிப்பாஸ் ஒரே இடத்தில் தங்காத மீன். கட்டைகளின் நிழலில் ஒண்டியிருக்கும் பெருவாய் பாஸைத் தேடுவதுபோல் அதைத் தேடினால் கிடைக்காது. அது ஷாட், ஹெர்ரிங் ஆகிய இரைமீன் திரள்களைத் தொடர்ந்து திறந்த நீரில் அலைகிறது. அலையும்போதும் மூழ்கிய பழைய ஆற்றுக்காலின் விளிம்பையே பெருவழியாகக் கொள்கிறது. சான்டீ ஆறு ஓடிய பள்ளம் மேரியன் ஏரியின் அடியில் பாம்புபோல் நெளிந்து கிடக்கிறது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு அடி ஆழமேயுள்ள வெள்ளச் சமவெளிக்கு நடுவே அந்தப் பள்ளம் பலமடங்கு ஆழமானது. அணைக்கு முன் எடுத்த நிலப்பட வரைவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்து, அந்த விளிம்பைத் தேடிக் கண்டவர்களே தொடக்ககாலத்தில் மீன் பிடித்தனர்.

பருவத்தின் போக்கும் இவ்வாறே கற்கப்பட்டது. குளிர்காலத்தில் கடற்காகங்கள் கூட்டமாக நீரில் பாயும் இடத்தில், கீழிருந்து வரிப்பாஸ் துரத்தும் இரைமீன்கள் மேலே வந்திருக்கும். பறவையைப் பார்த்துப் படகைச் செலுத்துவது இன்றும் வழக்கம். வசந்தத்தில் நீர் 15 பாகையைத் தாண்டியதும் முதிர்ந்த மீன்கள் ஏரியின் மேற்கோடிக்குச் சென்று, பின் ஆறேறிவிடும். அப்போது கீழ்ஏரியில் காத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்புவர். ஆற்றில் ஒரு பெண்மீனைச் சூழ்ந்து பல ஆண்மீன்கள் நீரைக் கலக்கித் துள்ளும் காட்சியைக் கரோலைனா மக்கள் ‘ராக் ஃபைட்’, பாறைமீன் சண்டை, என்று அழைத்தனர். அது சண்டையன்று, முட்டையிடும் சடங்கு. முட்டையிட்டபின் மீன்கள் ஏரிக்கு இறங்கி, கோடையில் குளிர்ந்த ஆழத்தை நாடும்; இலையுதிர்காலத்தில் நீர் குளிரக் குளிர மீண்டும் மேலே வந்து, விடியலிலும் மாலையிலும் நீர்ப்பரப்பைக் கொதிக்கவைப்பதுபோல் இரையைத் துரத்தும். தூண்டில் முறைகளும் இதற்கேற்ப அமைந்தன. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு ஓரிரு அவுன்ஸ் ஈயம் கட்டிய நரம்பில் உயிருள்ள ஹெர்ரிங்கைக் கோத்துச் செங்குத்தாக இறக்குவர். ஆழமற்ற இடத்தில் ஈயமே கட்டாமல் இரையைத் தன்போக்கில் நீந்தவிடுவர். மேற்பரப்பில் துள்ளும் கூட்டத்தின் நடுவே மான்வால் முடி கட்டிய ஈயத்தலைத் தூண்டிலை வீசி இழுப்பர்.

இந்தக் கையறிவுக்கு 1950-களின் இறுதியில் ஒரு கருவி துணைவந்தது. போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலை நுட்பத்தைச் சிறு படகில் வைக்கத்தக்க பெட்டியாக்கி, கார்ல் லாரன்ஸ் என்பவர் தம் மக்களோடு சந்தைக்குக் கொண்டுவந்தார். அடியில் அனுப்பும் ஒலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், நடுவில் மறிக்கும் மீன்திரளையும் அது காட்டியது. ஆழமானியும் பிறகு வந்த செயற்கைக்கோள் வழிகாட்டியும், ஏரியின் அடியை முன்பின் அறியாதவனுக்கும் திறந்துவைத்தன. ஆயினும் கருவி காட்டும் கோட்டில் ஆற்றுக்கால் எது, பழைய கால்வாய் எது, சாலை எது என்று படிக்கத் தெரிந்தவனுக்கே அது பயன்படுகிறது; நிலத்தின் பழைய வடிவை மனத்தில் கட்டியெழுப்புவது இன்றும் தூண்டில்காரன் வேலையாகவே இருக்கிறது.

சான்டீ-கூப்பரின் செய்தி பிற மாநிலங்களை எட்டியபோது, அவையும் தங்கள் புதிய நீர்த்தேக்கங்களில் வரிப்பாஸ் வேண்டும் என்று விரும்பின. 1940-கள் முதல் 1960-கள் வரை அமெரிக்காவெங்கும் பேரணைகள் எழுந்த காலம் அது. அந்த நீர்த்தேக்கங்களின் திறந்த நடுநீரில் ஷாட் மீன்கள் அளவின்றிப் பெருகியிருந்தன, அவற்றைத் தின்னத்தக்க பெருமீனோ இல்லை. முதிர்ந்த மீன்களை லாரியில் ஏற்றிச்சென்று விட்ட முயற்சிகள் சிறிதே பயன்தந்தன. குஞ்சுகள் வேண்டும் என்றால் முட்டை வேண்டும். வட கரோலைனாவின் ரோனோக் ஆற்றங்கரையிலுள்ள வெல்டன் ஊரில் 1880-கள் முதலே வரிப்பாஸ் முட்டைகளைப் பொரித்துவந்தனர். ஆனால் அங்கே ஆற்றில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் தருணத்திலேயே மீனைப் பிடிக்க வேண்டும். அத்தகைய இடங்கள் மிகச் சில.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் தென் கரோலைனாவின் உயிரியலாளர் ராபர்ட் ஸ்டீவன்ஸ். பைனாப்பொலிஸ் அணைக்குக் கீழே கூடும் பெண்மீன்களின் சினை முதிர்ந்திருந்தாலும் முட்டை வெளிவரும் நிலையை எட்டியிருக்கவில்லை. மங்க்ஸ் கார்னரில் 1961-இல் தொடங்கிய குஞ்சு பொரிப்பகத்தில் அவரும் உடன்பணியாற்றியோரும், கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு ஹார்மோனை மீனுக்கு ஊசியாகச் செலுத்தி முட்டையை முதிரச்செய்தனர். ஊசி போட்டதோடு வேலை முடிவதில்லை. முட்டை சினைப்பையிலிருந்து விடுபட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பிழிந்தெடுக்காவிட்டால் கெட்டுவிடும்; முன்கூட்டிப் பிழிந்தாலும் பயனில்லை. எனவே மெல்லிய குழாயைச் செலுத்திச் சில முட்டைகளை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனை மணி நேரத்தில் பக்குவமாகும் என்று கணித்து, இரவும் பகலும் தொட்டியருகே விழித்திருந்தனர். பெரிய பெண்மீன் ஒன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தரும். அவற்றை ஆற்றின் ஓட்டத்தை ஒத்து அடியிலிருந்து நீர் பொங்கும் கண்ணாடிச் சாடிகளில் இட்டுச் சுழலவிட்டுப் பொரித்தனர். ஆறு இரண்டு நாள் செய்யும் பணியைச் சாடி செய்தது. 1965-இல் வரிப்பாஸின் முட்டையையும் நெருங்கிய இனமான வெள்ளைப் பாஸின் விந்தையும் சேர்த்து ஸ்டீவன்ஸ் உருவாக்கிய கலப்பினம், இன்று அமெரிக்க மீன்பண்ணைகளிலும் ஏரிகளிலும் பரவலாக உள்ளது. 1972-இல் தென் கரோலைனா வரிப்பாஸைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

பல மாநிலங்களின் ஏரிகளில் குஞ்சுகள் விடப்பட்டன; விளைவுகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. டெக்சாசுக்கும் ஓக்லஹோமாவுக்கும் எல்லையிலுள்ள டெக்சோமா ஏரியில் 1965-க்கும் 1974-க்கும் இடையே விடப்பட்ட மீன்கள், அந்த ஏரிக்குள் வரும் ரெட், வாஷிட்டா ஆறுகளில் தாமே முட்டையிட்டுப் பெருகின. அதன்பின் அங்கே குஞ்சு விடும் தேவை எழவில்லை. யூட்டா, அரிசோனா பாலைவனத்திலுள்ள பாவெல் ஏரியில் 1974-இல் விடத்தொடங்கியபோது, தக்க ஆறு இல்லாமையால் அவை பெருகமாட்டா என்றே எண்ணினர். ஆனால் அந்த ஏரியின் தெளிந்த, சேறற்ற நீரில் ஓட்டமின்றியும் முட்டைகள் பிழைத்தன. மீன்கள் பெருகி இரைமீன்களைத் தின்று தீர்த்து, பசியால் மெலிந்தன. தூண்டில்காரர்கள் எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று அரசு சொல்லவேண்டி வந்தது. வேறு பல ஏரிகளில் இன்றும் ஆண்டுதோறும் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டால்தான் மீன் உண்டு. டென்னசியின் செரோக்கி நீர்த்தேக்கத்தில் 1970-களில் பெரிய வரிப்பாஸ் கோடையில் செத்து மிதந்தன. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் சார்ல்ஸ் குட்டன்ட் அதன் காரணத்தை ஆராய்ந்து, 1985-இல் விரிவான விளக்கம் தந்தார். முதிர்ந்த மீனுக்கு 25 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிர்நீர் வேண்டும். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேறும், கீழ்நீரிலோ ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மேலே வெப்பமும் கீழே மூச்சுத்திணறலுமாக இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் மீன் நெருக்குண்டு மெலிகிறது. கோடையில் ஓர் அறியாத ஏரியில் வரிப்பாஸ் தேடுவோர் ஆழமானியை மட்டுமின்றி வெப்பமானியையும் இறக்குவதன் காரணம் இந்த ஆய்விலேயே விளக்கம் பெற்றது.

சான்டீ-கூப்பரிலும் பொற்காலம் நிலைக்கவில்லை. சான்டீயின் நீரைக் கூப்பருக்குத் திருப்பியதால் வண்டல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் படிந்து, அதைத் தூர்வாரும் செலவு தாங்கமுடியாமற்போகவே, ராணுவப் பொறியாளர் படை மற்றொரு கால்வாய் வெட்டி 1985-இல் பெரும்பகுதி நீரைச் சான்டீக்கே திருப்பிவிட்டது. செயின்ட் ஸ்டீபன் என்னுமிடத்தில் அமைந்த புதிய அணையில், 1941-இல் எவரும் நினைக்காத மீன்தூக்கி ஒன்றும் அமைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் வரிப்பாஸ் குறையத் தொடங்கியது. வறட்சியும், மிகுதியான பிடிப்பும், வெப்பநீரில் பிடித்து விடுவிக்கப்பட்ட மீன்கள் பிழைக்காமையும் அதற்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. பொரிப்பகக் குஞ்சுகள் இங்கேயும் தேவைப்பட்டன. 2008-இல் மாநிலச் சட்டமன்றம் நாட்பிடிப்பின் அளவைக் குறைத்து, ஜூன் முதல் செப்டம்பர் இறுதிவரை சான்டீ ஆற்றுத்தொகுதியில் வரிப்பாஸ் வைத்திருப்பதையே தடைசெய்தது. முகாம்களும் வழிகாட்டிகளும் நான்கு மாத வருவாயை இழப்பதைப் பொறுத்தே அச்சட்டம் நிறைவேறியது என்பதால், அதனை 1639-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நேர்வழித்தோன்றலாகவே கொள்ள வேண்டும்.

காங்கரீயின் வடகரையில் வெட்டுப்படாமல் எஞ்சிய பழங்காட்டை மரவணிகரிடமிருந்து காக்க வேண்டும் என்று உள்ளூர் மக்கள் போராடியதன் விளைவாக, அது 1976-இல் தேசிய நினைவிடமாகவும் 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. போராடியவர்கள் காத்தது மரங்களை. அம்மரங்களின் வேரை நனைத்தபடி, அணையின்றி ஓடும் அந்த ஆற்றில்தான் மேரியன் ஏரியின் வரிப்பாஸ் இன்றும் வசந்தந்தோறும் ஏறி முட்டையிடுகின்றன.